கீழே பிரீசர் இருக்கும் பிரிட்ஜ்: கல்லடிப் பக்கம் சரிவருமா?

கல்லடி_மகள் | ஞாயிறு இரவு

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுப் பிரிட்ஜுக்குப் பதினாறு வயது. போன கிழமை கதவின் கீழ்ப் பிணைச்சல் துருப்பிடித்துக் கழன்று விழுந்துவிட்டது. கதவை நைலோன் கயிற்றால் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறோம். ஒரு தண்ணீர்ப் போத்தல் எடுக்கவும் முடிச்சு அவிழ்க்க வேண்டும். இனித் திருத்துவது கட்டுப்படியாகாது. கட்டாரில் இருக்கும் தம்பி காசு அனுப்புகிறேன் என்கிறான். "பிரீசர் கீழே இருக்கிற மொடலாக எடு அக்கா, அம்மா குனியத் தேவையில்லை" என்பது அவன் யோசனை.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அவர் பிரிட்ஜுக்கு முன்னால் எத்தனை தடவை குனிகிறார் என்று சனிக்கிழமை சும்மா எண்ணிப் பார்த்தேன். பச்சை மிளகாய், கறிவேப்பிலை, தேசிக்காய், முதல் நாள் குழம்பு என்று மத்தியானத்துக்குள் பதினான்கு தடவை. பிரீசரை இரண்டு தடவைதான் திறந்தார், இரண்டும் மீனுக்கு.

வீட்டில் ஆறு பேர். கடல் முந்நூறு மீற்றர் தூரம். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிழமைக்குரிய மீனை மொத்தமாக வாங்கி வந்துவிடுவார். தயிர்ச் சட்டி நிமிர்ந்து நிற்க இடம் வேண்டும். ஒரு கடையில் கீழ் பிரீசர் கரண்டைத் தின்னும் என்றார்கள். அடுத்த கடையில் இதுதான் இப்போதைய மொடல், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்றார்கள். பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை | ஞாயிறு இரவு

பதினான்கு தடவை எண்ணிக்கொண்டு நின்ற நேரத்துக்கு நீங்களே எடுத்துக் கொடுத்திருக்கலாமே.

கல்லடி_மகள் | ஞாயிறு இரவு

அம்மாவும் அதையேதான் சொன்னார்.

படுவான்கரையான் | திங்கள் காலை

வேண்டாம் அக்கா. நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். எங்கள் ஊரில் இரவு ஏழு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கினால் ரியூப் லைட் கண் சிமிட்டும். அந்தக் கரண்டில் விசிறி, சென்சர், எல்லாவற்றையும் இயக்கும் மின்னணுப் போர்ட் எல்லாம் உள்ள பெட்டியை நம்ப முடியாது. என்னிடம் இருப்பது ஒற்றைக் கதவுப் பிரிட்ஜ். ஐஸ் கட்டினால் நடுவில் உள்ள பொத்தானை அமத்துவேன், கரையும், தண்ணீரை ஊற்றுவேன். விசிறி இல்லை, போர்ட் இல்லை, பழுதாகவும் ஒன்றுமில்லை.

அடுத்தது வெள்ளம். 2011 ஜனவரியில் எங்கள் குசினிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கீழே பிரீசர் என்றால் முதலில் நனைவது உங்கள் மீன்தான்.

களுவாஞ்சி_டீச்சர் | திங்கள் மாலை

நான் நாலு வருஷமாகக் கீழ் பிரீசர் வைத்திருக்கிறேன், 300 லீற்றருக்குச் சற்றுக் கூட. நல்லதை முதலில் சொல்கிறேன். மரக்கறிப் பெட்டி இடுப்புயரத்தில், தட்டுகள் கண்ணுக்கு நேரே. முன்பெல்லாம் பின்னால் கிடந்து பூசணம் பிடித்த பிறகுதான் எலுமிச்சைப் பாதியைக் கண்டுபிடிப்பேன், அந்தக் கதை இப்போது இல்லை. பிரீசர் மூன்று லாச்சியாகப் பிரிந்திருப்பதால் மீன் ஒன்று, இறைச்சி ஒன்று, துருவிய தேங்காயும் மற்றதும் ஒன்று என்று வைக்கலாம். இறாலைத் தேடி எல்லாவற்றையும் வெளியே கொட்டும் வேலை இல்லை.

கெட்டது: போன வருஷம் பட்ட பாடு. மேலே பால் திரைந்துபோகத் தொடங்கியது. கீழே கை வைத்தால் மீன் கல்லு மாதிரி. கீழ் லாச்சிக்கு அடியில் பலகை போல ஒரு ஐஸ், லாச்சி இழுபடவில்லை. வந்த திருத்துநர் தொட்டுப் பார்த்துவிட்டு "காஸ் குறைந்துவிட்டது" என்றார். காஸ் அடித்தார். இரண்டு கிழமை நன்றாக ஓடியது. மறுபடி அதே நிலை. மறுபடி காஸ். மறுபடி இரண்டு கிழமை. மூன்றாம் முறை நான் கூப்பிடவில்லை, அழுதேன்.

கொம்பிரசர்_காக்கா | திங்கள் இரவு

டீச்சர், உங்கள் பிரிட்ஜில் காஸ் குறையவே இல்லை. இதை எழுதத்தான் உள்ளே வந்தேன், விரிவாகச் சொல்கிறேன்.

நான் சாய்ந்தமருது. சவூதியில் பதினோரு வருஷம், பிறகு இங்கே இருபது வருஷம் இந்த வேலைதான். இப்போது கண் மங்கல், கடையை மகன் பார்க்கிறான். யாருக்கும் எதையும் விற்க வேண்டிய தேவை எனக்கில்லை.

குளிர் எங்கே உண்டாகிறது, எப்படி நடக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஐஸ் கட்டாத இரண்டு கதவுப் பிரிட்ஜ் பெரும்பாலானவற்றில் குளிர் உண்டாகும் இடம் ஒன்றே ஒன்று. பிரீசரின் பின் தகட்டைக் கழற்றினால் தெரியும் கொயில். மேலே உள்ள பகுதிக்கென்று தனிக் கொயில் வைத்தவை விலை கூடியவை, அவற்றை விடுவோம். பிரீசர் மேலே இருந்தால் குளிர்காற்று பாரத்தால் தானாகவே கீழே இறங்கப் பார்க்கும், விசிறி கொஞ்சம் உதவினால் போதும். பிரீசர் கீழே இருந்தால் கிணற்றுத் தண்ணீரை இறைத்து மேல் தாங்கிக்கு ஏற்றுகிற மாதிரி. விசிறி சுற்ற வேண்டும், பின் சுவருக்குள் போகும் காற்றுவழி திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் மேலே குளிர் வரும்.

இப்போது அந்தக் கொயிலில் பனி படியும். நீங்கள் கதவு திறக்கும்போதெல்லாம் நம்மூர் ஈரக் காற்று உள்ளே போகிறது அல்லவா, அந்த ஈரம். அதைக் கரைக்கக் கொயிலோடு ஒரு ஹீற்றர் இருக்கும். கொம்பிரசர் சில மணித்தியாலம் ஓடியதும் அது நின்று, ஹீற்றர் கொஞ்ச நேரம் சூடாகி, பனி உருகி, தண்ணீர் ஒரு துவாரத்தால் பின்னால் போய்க் கொம்பிரசருக்கு மேலே உள்ள தட்டில் விழும். கொம்பிரசரின் சூட்டில் அது ஆவியாகிவிடும். நாள்தோறும் நடப்பது, யாருக்கும் தெரியாது.

ஹீற்றரோ அதற்குரிய சென்சரோ கெட்டால் பனி கரையாது. கொயில் முழுக்க வெள்ளைச் சுவராகிவிடும். விசிறியின் காற்று அந்தச் சுவரைத் தாண்டாது. கீழே கொயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மீன் கல்லாகவே கிடக்கும், மேலே பால் கெடும். காஸ் குறைந்தால் பிரீசரும் சேர்ந்துதான் சோரும், நாளாக நாளாக ஐஸ்கிறீம் இளகும். ஆகவே கீழே கல், மேலே சூடு என்றால் காஸைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, காஸ் அடித்த பிறகு இரண்டு கிழமை எப்படி ஓடியது? காஸ் அடிக்கும்போது பிரிட்ஜை நிறுத்திக் கதவைத் திறந்து மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். பனி கரைந்துவிடும். கரைந்ததால் ஓடியது. நீங்கள் கொடுத்த காசு பனி கரைந்ததற்கு.

களுவாஞ்சி_டீச்சர் | திங்கள் இரவு

காக்கா, இதைப் படித்துவிட்டு அரை மணித்தியாலம் பேசாமல் இருந்தேன். பிறகு என்ன நடந்தது என்றால், மூன்றாம் முறை நான் ஒருவரையும் கூப்பிடாமல் பிளக்கைக் கழற்றி ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தேன். அதே இரண்டு கிழமை ஓடியது! அப்போதுதான் சந்தேகம் வந்தது. பிறகு கல்முனையிலிருந்து வந்த பையன் ஒருவன் பின் தகட்டைக் கழற்றி, ஹீற்றர் வயர் அறுந்திருக்கிறது என்று காட்டி மாற்றிவிட்டான். காஸ் அடித்த ஒரு முறைக்குக் கொடுத்ததில் பாதிகூட வரவில்லை.

கொம்பிரசர்_காக்கா | செவ்வாய் காலை

அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் செய்ததுதான் முதல் சோதனை, ஒரு சதமும் செலவில்லாதது. உள்ளே இருப்பதை ஐஸ் பெட்டியில் போட்டு, பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவும் திறந்து 24 மணித்தியாலம். அடியில் பழைய துவாய்களை விரியுங்கள், எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வரும். கத்தியால் குத்தாதீர்கள். எனக்கு வந்த கொயில் ஓட்டைகளில் பாதி கத்தியால் வந்தவை. கரைத்த பிறகு நன்றாக ஓடி, ஒன்றிரண்டு கிழமையில் திரும்ப மேலே சூடானால் கரைக்கும் பகுதிதான் குற்றவாளி.

மீற்றர் வைத்துப் பார்க்கத் தெரிந்த தம்பிமாருக்கு: 150 வாட் ஹீற்றர் என்றால் 230 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 350 ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் சின்ன வட்டத் தெர்மோஸ்டாட்டைச் சாதாரண சூட்டில் சோதித்துவிட்டுக் கெட்டுவிட்டது என்று எறியாதீர்கள். அது குளிரில்தான் இணையும், வெளியில் கழற்றி வைத்தால் திறந்தே இருப்பதுதான் முறை. பிரீசருக்குள் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். தெர்மல் பியூஸ் மட்டும் எப்போதும் இணைந்திருக்க வேண்டும்.

இன்னொரு பழுதும் இதோடு குழம்பும். மேலேயும் குளிர் சரி, கீழேயும் சரி, ஆனால் கீழ் லாச்சிக்கு அடியில் ஐஸ் பலகை, சில நாளில் குசினித் தரையில் தண்ணீர். இது தண்ணீர் போகும் துவாரம் அடைபட்டது, அவ்வளவுதான். மீன் செதில், பிளாஸ்டிக் பைத் துண்டு, சோற்றுப் பருக்கை எல்லாம் அதற்குள் கண்டிருக்கிறேன். கரைத்துவிட்டு, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து மெதுவாகத் துவாரத்துக்குள் அடியுங்கள். பின்னால் தட்டில் சொட்டும் சத்தம் கேட்டால் வழி திறந்துவிட்டது. திரும்பத் திரும்ப உறைந்தால், ஒரு செப்புக் கம்பியை ஹீற்றரில் சுற்றி மறு நுனியைத் துவாரத்துக்குள் தொங்கவிடுவேன். ஹீற்றர் சூடாகும்போது கம்பியும் சூடாகித் துவாரத்தைத் திறந்து வைத்திருக்கும்.

படுவான்கரையான் | செவ்வாய் மாலை

பார்த்தீர்களா, ஹீற்றர், சென்சர், துவாரம், கம்பி. என் பிரிட்ஜில் ஒரு பொத்தான்.

கொம்பிரசர்_காக்கா | செவ்வாய் இரவு

தம்பி, உங்கள் வீட்டுக்கு உங்கள் பிரிட்ஜ் சரி. ஆறு பேருக்கும் ஒரு கிழமை மீனுக்கும் அந்தப் பெட்டி காணாது. நீங்கள் சொல்லும் ஹீற்றரும் துவாரமும் ஐஸ் கட்டாத மேல் பிரீசரிலும் உண்டு. அதில் தண்ணீர் அடைத்தால் மரக்கறிக்கு மேல் சொட்டும், இதில் லாச்சிக்கு அடியில் உறையும், வித்தியாசம் அதுதான்.

வெள்ளத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பிரீசர் மேலே இருந்தாலும் கொம்பிரசர் பின்னால் அடியில்தான். முழங்கால் தண்ணீர் வந்தால் இரண்டுமே போகும். வெள்ளம் வரும் வீடு என்றால் சீமெந்தில் அரை அடிக் கட்டு ஒன்று கட்டி அதற்கு மேல் வையுங்கள். கீழ் பிரீசருக்கு அது இன்னொரு விதத்திலும் நல்லது, லாச்சி அரை அடி உயர்ந்து வரும். ஒருமுறை தண்ணீர் ஏறிவிட்டால் துடைத்துவிட்டுப் பிளக் போடாதீர்கள். காய வைத்து, ஆள் பார்த்த பிறகுதான்.

அக்கரைப்பற்று_ராத்தா | புதன் காலை

ஹஜ்ஜுப் பெருநாளை மறந்துவிட்டீர்கள். எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர் எல்லாரும் குர்பான் இறைச்சி அனுப்புவார்கள். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு கிலோ. கீழ் பிரீசர் லாச்சியில் அதை அமத்தி நிரப்பினேன். லாச்சியின் முன் பக்கம் வெடித்துவிட்டது. கடையில் கேட்டால் அந்தத் துண்டு மட்டும் இல்லை, ஓடர் போட வேண்டும் என்றார்கள். ஏழு மாதம் ஆயிற்று. இப்போது அந்த லாச்சிக்குப் பதிலாக ஒரு கூடை.

தங்கச்சி, வாங்கும்போது லாச்சியை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். ஒல்லிக் கண்ணாடி மாதிரி இருந்தால் கவனம். இறைச்சியைச் சூடாகவோ ஒரே குவியலாகவோ போடக் கூடாது என்பதையும் நான் அந்தப் பெருநாளில்தான் படித்தேன். நடுவில் இருந்த பொதி மறுநாளும் மெத்தென்றே இருந்தது. இப்போது ஒரு கிலோ, அரைக் கிலோ என்று தட்டையாகப் பையில் போட்டு ஒரு நாளைக்குக் கொஞ்சமாக உறைய விடுகிறேன். மிச்சத்தை உப்பும் மஞ்சளும் போட்டு வாட்டிவிடுவேன், வாப்பா காலத்து வழக்கம்.

வாவிக்கரை | புதன் மத்தியானம்

கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்டீர்கள். பொதுவாக அதே அளவில் மேல் பிரீசர்தான் கொஞ்சம் குறைவாக எடுக்கும். கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் இன்வேர்ட்டர் கொம்பிரசர் உள்ள கீழ் பிரீசருக்கும், இன்வேர்ட்டர் இல்லாத பழைய மேல் பிரீசருக்கும் இடையில் பார்த்தால் முதலாவதே வெல்லும். சாதாரண கொம்பிரசர் முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி முழு வேகம். இன்வேர்ட்டர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தொடங்கும்போது இழுக்கும் கரண்டும் குறைவு. பின்னால் சோலர், பற்றரி என்று போகும் எண்ணம் இருந்தால் அதுவும் உதவும்.

ஸ்டிக்கரில் நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். நாட்டுக்கு நாடு நட்சத்திரக் கணக்கு வேறு. வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும், அதை 365ஆல் பிரியுங்கள். என் வீட்டுப் பிரிட்ஜுக்குப் பிளக் மீற்றர் போட்டு ஒரு கிழமை பார்த்தேன், ஏழு நாளுக்கு எட்டு யூனிட். ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் கூட. ஏப்ரல் மாதக் குசினி, பள்ளிக்கூட விடுமுறை, பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டே யோசிப்பார்கள்.

மாதத்துக்கு முப்பத்து நாலு யூனிட் என்றால் சின்னதாகத் தெரியும். ஆனால் வீட்டுப் பாவனைக்கு 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறுகிறது, பிறகு 90, 120, 180 என்று படிகள். உங்கள் பழைய பில்லை எடுத்து எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். விளிம்பில் இருப்பவருக்குப் பத்து யூனிட்டும் பெரிதுதான்.

கல்லடி_மகள் | புதன் இரவு

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய ஒரே கேள்வி: "கரண்ட் போனால் மீன் எவ்வளவு நேரம் தாங்கும்?" 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மீன் பகிர்ந்து கொடுத்தோம். அந்தப் பயம் அவருக்கு இன்னும் போகவில்லை.

கொம்பிரசர்_காக்கா | வியாழன் காலை

கதவைத் திறக்காவிட்டால், நிறைந்த பிரீசர் இரண்டு நாள் அளவுக்குத் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். மேல் பகுதி நாலு மணித்தியாலம்தான். அம்மாவிடம் சொல்லுங்கள், பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மீன் அசையாது, திறந்து திறந்து பார்க்காமல் இருந்தால். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனபோது எங்கள் ஒழுங்கையில் பலர் "கெட்டுவிட்டதா" என்று பத்து நிமிஷத்துக்கொருமுறை திறந்து பார்த்தே கெடுத்தார்கள்.

பிரீசர் காலியாக இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை முக்கால் அளவு நிரப்பி உறைய வையுங்கள். இன்னொரு சின்ன வேலை: ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியை வைத்துவிடுங்கள். வெளியூர் போய் வந்து பார்க்கும்போது குற்றி அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத நேரம் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த மீனைச் சமைக்க வேண்டாம்.

லாச்சி வைத்த கீழ் பிரீசர் இதில் கொஞ்சம் நல்லது. திறந்தாலும் குளிர்காற்று லாச்சிக்குள் கிண்ணத்தில் நிற்பது மாதிரி நிற்கும்.

கரண்ட் வரும்போதுதான் ஆபத்து. வந்த உடனே ஏறி இறங்கும். வோல்டேஜ் காட் ஒன்று போடுங்கள், சில நிமிஷம் பொறுத்துத்தான் கரண்டை விடும். படுவான்கரைத் தம்பி சொன்ன மாதிரி வோல்டேஜ் நாள்தோறும் இறங்கும் ஊருக்கு ஸ்டெபிலைசர். கொம்பிரசர் நின்றவுடன் மறுபடி ஓட முயன்றால் மூச்சுத் திணறும்.

கல்லடி_மகள் | சனி மாலை

இன்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். வெறும் தயிர்ச் சட்டி ஒன்றைப் பையில் கொண்டுபோனேன். முதல் கடையில் பையன் சிரித்தான். சட்டியை நடுத்தட்டில் வைத்துக் கதவை மூடினேன், மூடவில்லை. கதவுத் தட்டு சட்டியில் இடித்தது. பையன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தட்டை உயர்த்திக் கொடுத்தான். அப்போது மேலே முட்டை வைக்க இடமில்லை.

இரண்டாம் கடையில் எல்லாம் சரி, பிரீசர் லாச்சி மட்டும் கதவை முழுக்க மலர்த்தித் திறந்தால்தான் வெளியே வந்தது. எங்கள் குசினியில் பிரிட்ஜ் சுவர் மூலையில் நிற்கிறது, கதவு நேராக மட்டும்தான் திறக்கும். அம்மாதான் இதைக் கண்டுபிடித்தார். "இஞ்ச வா புள்ள, இது நம்மட மூலையில வெளிய வராதே" என்று கடைக்குள் சத்தமாகச் சொன்னார்.

மூன்றாம் கடையில் ஒன்று பிடித்திருக்கிறது. காக்கா, பின்னால் ஒட்டியிருந்ததைப் போனில் படம் எடுத்து வந்தேன். காஸ் ஆர்600ஏ, 52 கிராம். வகுப்பு "எஸ்டி, டி" என்று இருக்கிறது. கொம்பிரசருக்குப் பத்து வருஷ உத்தரவாதம். எடுக்கலாமா?

கொம்பிரசர்_காக்கா | சனி இரவு

அந்த "டி" நல்லது. வெளியே 43 பாகை வரை வேலை செய்யும்படி செய்தது. "என்" மட்டும் போட்டிருந்தால் 32 பாகைக்கு மேல் திணறும். நம்முடைய குசினிக்கு அது காணாது.

ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன், எரியும் காஸ். பயப்பட வேண்டாம், 52 கிராம் என்பது கை நிறையாத அளவு. எங்கள் இளமையில் ஆர்12 அடித்தோம். அது வானத்தில் ஓசோனை ஓட்டையாக்குகிறது என்று 1987இல் மொன்றியலில் ஒப்பந்தம் போட்டு நிறுத்தினார்கள். பிறகு ஆர்134ஏ வந்தது. அது ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். ஐசோபியூட்டேனில் இரண்டு தொல்லையும் மிகக் குறைவு. பின்னாளில் திருத்த வருபவர் குசினிக்குள் யன்னலைப் பூட்டிக்கொண்டு குழாய் பற்றுவைக்கும் நெருப்பு டோச்சைப் பற்ற வைத்தால் வெளியே அனுப்பிவிடுங்கள். தராசு கொண்டு வராமல் கைக்கணக்கில் காஸ் அடிப்பவரையும் அப்படியே. 52 கிராமில் பத்துக் கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர் சரியாக வராது. இருக்கும் காஸுக்கு மேல் வேறு காஸ் ஊற்றுபவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பத்து வருஷ உத்தரவாதத்தைக் கண்ணாடி போட்டு வாசியுங்கள். பெரும்பாலும் கொம்பிரசர் என்ற சாமானுக்கு மட்டும்தான். கூலி, காஸ், போர்ட், விசிறி எல்லாம் ஒரு வருஷம் இரண்டு வருஷத்தோடு முடிந்துவிடும். போர்ட்டுக்கு எவ்வளவு காலம் என்று தனியாகக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். நம்மூரில் போர்ட்டை எரிப்பது கரண்ட் மட்டும் இல்லை, பல்லி. சூடாக இருக்கிறதென்று உள்ளே போய் இரண்டு கம்பிக்கு நடுவில் படுத்துவிடும். நான் எடுத்த பல்லிகளுக்குக் கணக்கில்லை.

கடைசியாக உங்கள் கடல். உப்புக் காற்று முதலில் பிடிப்பது கதவின் கீழ் விளிம்பு, பிணைச்சல், கால்கள், பின்னால் செப்புக் குழாய் பற்றுவைத்த இடம். குசினி கழுவும் தண்ணீர் அடியில் தேங்கினால் இரண்டு மடங்கு வேகம். கடல் பக்கத்து யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். கிழமைக்கொருமுறை ஈரச் சீலையால் துடைத்து உடனே காய்ந்த சீலையால் துடையுங்கள். பிணைச்சலுக்கும் கீழ் விளிம்புக்கும் காருக்குப் பூசும் மெழுகை மாதமொருமுறை தேயுங்கள். இப்போதைய மொடல்களில் சூட்டை வெளிவிடும் குழாய் பக்கச் சுவர்களுக்குள் ஒளிந்திருக்கும். சுவர் சூடாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், இரு பக்கமும் நாலு விரலாவது இடம் விடுங்கள். மூலை என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

களுவாஞ்சி_டீச்சர் | ஞாயிறு காலை

கதவு ரப்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழ்க் கதவின் ரப்பர் மடிப்பில் மாவும் மீன் தண்ணீரும் விழுந்து எறும்பு வரும். சவர்க்காரத் தண்ணீரில் பழைய பல் தூரிகையால் தேய்ப்பேன். ஒரு கடதாசித் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், இழுபடாமல் பிடித்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. மேலே நாலு பாகை, கீழே மைனஸ் 18. அதற்குக் கீழே இறக்கி ஒரு பிரயோசனமும் நான் காணவில்லை. தட்டுகளின் பின்னால் காற்று வரும் துளைகளுக்கு முன்னால் சட்டியை ஒட்டி வைக்காதீர்கள், காக்கா சொன்ன அந்தக் காற்றுவழி.

படுவான்கரையான் | ஞாயிறு மாலை

சரி, எடுங்கள் அக்கா. வோல்டேஜ் காட் போடாமல் மட்டும் பிளக் போட்டுவிடாதீர்கள். நான் என் பொத்தானோடு இருக்கிறேன்.

கல்லடி_மகள் | மூன்று கிழமைக்குப் பிறகு

வந்து இறங்கியது. லொறியில் சரித்து ஏற்றியிருந்தார்கள். காக்காவிடம் தனியாகக் கேட்டதில் இரவு முழுக்க நிமிர்த்தி வைத்துவிட்டு மறுநாள் பிளக் போடச் சொன்னார், கொம்பிரசர் எண்ணெய் இறங்க வேண்டுமாம். மேசன் பாஸ் அரை அடிக் கட்டுக் கட்டித் தந்தார். முன் கால்களைக் கொஞ்சம் உயர்த்தி விட்டதால் கதவு தானாக மூடிக்கொள்கிறது. பழையதைக் கயிறோடேயே இரும்புக்காரருக்குக் கொடுத்தோம்.

தயிர்ச் சட்டி நடுத்தட்டில் நிமிர்ந்து நிற்கிறது. அம்மா கண் மட்டத்துத் தட்டில் முதல் வேலையாகத் தன் வெற்றிலையை ஈரச் சீலையில் சுற்றி வைத்துவிட்டார். அந்தத் தட்டில் வேறு ஒருவரும் ஒன்றும் வைக்கக் கூடாதாம்.

நேற்று அப்பா பாரையும் கணவாயும் கொண்டுவந்தார். வெட்டிக் கழுவி, பைகளில் தட்டையாகப் போட்டு முடித்ததும் அம்மா கதிரையில் இருந்துகொண்டு லாச்சியைக் கையால் காட்டினார்.

வாவிக்கரை | அதே இரவு

எத்தனை தடவை குனிந்தீர்கள்? யாராவது எண்ணினார்களா?

கல்லடி_மகள் | அதே இரவு

அம்மா எண்ணினார். ஒன்பது.